அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனம் எப்போதிலிருந்து கட்சிச் சண்டையாக மாறியது?

குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் முன்மொழிந்த ராபர்ட் போர்க் 1987-ல் நாடாளுமன்ற மேலவையான செனட்டில் நிராகரிக்கப்பட்டதுதான் தொடக்கமா, ஜனநாயகக் கட்சி அதிபர் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்கு 2016-ல் வாக்கெடுப்பே மறுக்கப்பட்டதுதான் தொடக்கமா, இதில் எந்தக் கட்சியின் மீது பழி அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். குடியரசுக் கட்சியினரைக் கேட்டால் முதல் ஆண்டைச் சொல்வார்கள். ஜனநாயகக் கட்சியினரைக் கேட்டால் இரண்டாவதைச் சொல்வார்கள். செனட் விசாரணைகளைப் பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் விடாமல் பார்த்து வருபவன் என்ற முறையில் என் கருத்து வேறு. அரசியல் இந்த நியமனங்களில் முதல் நாளிலிருந்தே இருந்தது. ஆனால், வேட்பாளர் யார் என்று தெரியும் முன்பே வாக்கு எண்ணிக்கையைச் சொல்லிவிடக்கூடிய நிலை மிக அண்மையில் வந்தது. அது 2005-க்கும் 2017-க்கும் இடையில் உருவானது என்பதே என் கணிப்பு.

அதிபர் ஒருவரின் பெயரை முன்மொழிய வேண்டும், செனட் அதற்கு ஒப்புதல் தர வேண்டும் என்பதற்கு மேல் அரசியல் சாசனம் எதையும் விரிவாகச் சொல்லவில்லை. விசாரணை நடத்த வேண்டும் என்றோ, இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றோ அதில் விதி கிடையாது. நியமிக்கப்பட்டவர் தானாக விலகும் வரையோ இறக்கும் வரையோ பதவியில் இருக்கலாம். ஓர் இடம் எப்போது காலியாகும் என்பது பெரும்பாலும் மரணத்தையும் முதுமையையும் பொறுத்தது என்பதால், ஒவ்வொரு காலியிடமும் இரு கட்சிகளுக்கும் ஒரு தலைமுறைக்கான பரிசாகத் தெரிகிறது.

ஜார்ஜ் வாஷிங்டன் காலத்திலேயே செனட் இந்த அதிகாரத்தை அரசியலுக்குப் பயன்படுத்தியது. பிரிட்டனுடன் செய்துகொள்ளப்பட்ட ஜே ஒப்பந்தத்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார் என்பதற்காக, தலைமை நீதிபதியாக ஏற்கெனவே தற்காலிகமாக அமர்த்தப்பட்டிருந்த ஜான் ரட்லெட்ஜை 1795-ல் 10-க்கு 14 என்ற வாக்கில் வீட்டுக்கு அனுப்பியது. 1930-ல் ஜான் பார்க்கர் இரண்டே வாக்கில் தோற்றார். கறுப்பின உரிமை இயக்கமும் தொழிற்சங்கங்களும் அவரை எதிர்த்திருந்தன. 1968-ல் லிண்டன் ஜான்சன் தலைமை நீதிபதி பதவிக்கு முன்மொழிந்த ஏப் ஃபோர்டாஸை, குடியரசுக் கட்சியினரும் ஜான்சனின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த தென் மாநில செனட்டர்களும் சேர்ந்து, விவாதத்தை முடிக்க விடாமல் இழுத்தடித்தே வீழ்த்தினார்கள். அடுத்த ஆண்டு நிக்ஸன் முன்மொழிந்த கிளெமென்ட் ஹெய்ன்ஸ்வொர்த்தைத் தோற்கடித்த 55 வாக்குகளில் 17 வாக்குகள் நிக்ஸனின் கட்சியினர் போட்டவை. இந்த இரண்டு தோல்விகளையும் கட்சியை வைத்து விளக்க முடியாது. வட்டாரம், இனப் பிரச்சினையில் நிலைப்பாடு, வேட்பாளரின் நேர்மை குறித்த ஐயம் ஆகியவை கட்சி எல்லையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு சென்ற காலம் அது.

போர்க்கின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது பெரும்பாலும் பாதியில் நிறுத்திச் சொல்லப்படுகிறது. 1987 கோடையில், பல வழக்குகளில் தீர்ப்பின் திசையைத் தீர்மானித்துவந்த நீதிபதி லூயிஸ் பவல் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ரீகன் போர்க்கை அறிவித்த ஒரு மணி நேரத்துக்குள் ஜனநாயகக் கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடி செனட்டில் எழுந்து, போர்க்கின் அமெரிக்கா எப்படி இருக்கும் என்று அச்சமூட்டும் ஒரு சித்திரத்தைத் தீட்டினார். அந்தப் பேச்சு நியாயமானதல்ல என்று இன்றும் கருதுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்தவை முறைப்படியே நடந்தன. போர்க் நாட்கணக்கில் செனட்டின் நீதித்துறைக் குழுவின் முன் அமர்ந்து தன் சட்டக் கோட்பாட்டை ஒளிவுமறைவின்றி விளக்கினார். கேட்ட செனட்டர்களில் 58 பேர் அதை ஏற்க மறுத்தார்கள். அவர்களில் 6 பேர் குடியரசுக் கட்சியினர். அடுத்து முன்மொழியப்பட்ட டக்ளஸ் கின்ஸ்பர்க், கஞ்சா புகைத்த பழைய விவகாரம் வெளிவந்ததால் விலகிக்கொண்டார். மூன்றாவதாக வந்த அந்தோனி கென்னடி 97-க்கு 0 என்று ஒப்புதல் பெற்றார். அது 1988 பிப்ரவரி, அதிபர் தேர்தல் ஆண்டு. செனட்டோ எதிர்க்கட்சியின் கையில் இருந்தது. செனட் ஒருவரை வேண்டாம் என்றது, அதிபர் மிதமான இன்னொருவரைத் தந்தார், செனட் ஏற்றுக்கொண்டது. பேரம் என்று சொல்லுங்கள், ஆனால் அரசியல் சாசனம் எதிர்பார்த்த பேரம்தான் அது.

1991-ல் கிளாரன்ஸ் தாமஸ் விஷயத்தில் அனிதா ஹில்லின் பாலியல் தொல்லைப் புகாரைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே அளவுக்கு வியப்பான வேறொன்று அதில் உண்டு. தாமஸ் 52-க்கு 48 என்றே தேறினார். செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 57 இடங்கள் இருந்தன. வாக்கெடுப்பைத் தடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தால், விவாதத்தை முடிக்கத் தேவையான 60 வாக்குகள் கிடைக்காமல் செய்வது அவர்களுக்கு எளிது. அதை ஒருவரும் முயலவில்லை, அவர்களிலேயே 11 பேர் தாமஸுக்கு ஆதரவாகவும் வாக்களித்தார்கள். இன்றைய செனட்டர் ஒருவரிடம் இதைச் சொன்னால் கட்டுக்கதை என்றுதான் நினைப்பார்.

பின் எது மாறியது? என் பார்வையில், செனட்டுக்கு முன்பாக வெள்ளை மாளிகை மாறியது. ஐசன்ஹோவர் நியமித்த ஏர்ல் வாரனும் வில்லியம் பிரென்னனும், நிக்ஸன் நியமித்த ஹாரி பிளாக்மனும், ஃபோர்ட் நியமித்த ஜான் பால் ஸ்டீவன்ஸும் குடியரசுக் கட்சி எதிர்பார்த்த வழியில் செல்லவில்லை. மூத்த புஷ் 1990-ல் நியமித்த டேவிட் சூட்டர் அந்தக் கட்சியினருக்குப் பெரும் ஏமாற்றமாக அமைந்தார். 1992-ல் கருக்கலைப்பு உரிமையின் மையத்தைக் காப்பாற்றிய தீர்ப்பைக் கூட்டாக எழுதிய மூவருமே, அதாவது சூட்டர், ஓ'கானர், கென்னடி ஆகியோர், குடியரசுக் கட்சி அதிபர்கள் அமர்த்தியவர்கள். இனி ஒரு சூட்டர் கூடாது என்ற முழக்கம் அதிலிருந்து பிறந்தது. 1982-ல் சட்ட மாணவர்கள் தொடங்கிய ஃபெடரலிஸ்ட் சொசைட்டி என்ற அமைப்பின் வட்டாரத்தில் பல ஆண்டுகள் பழகி, நிலைப்பாடு உறுதியாகத் தெரிந்தவர்களிலிருந்தே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் வளர்ந்தது. 2005-ல் இளைய புஷ் தன் வழக்கறிஞர் ஹாரியட் மையர்ஸை முன்மொழிந்தபோது, அவரை வீழ்த்தியவர்களில் முன்னணியில் நின்றவர்கள் புஷ்ஷின் சொந்த முகாமினர். ஜனநாயகக் கட்சியும் தன் வழியில் அதே கவனத்தைக் கைக்கொண்டது. 2010-ல் ஸ்டீவன்ஸின் இடத்துக்கு எலெனா கேகன் வந்தபோது, நீதிமன்றத்தில் பழமைவாதிகள் எல்லோரும் ஒரு கட்சி அதிபர்களாலும் தாராளவாதிகள் எல்லோரும் மறுகட்சி அதிபர்களாலும் நியமிக்கப்பட்டவர்கள் என்ற நிலை உருவாகிவிட்டது. நீதிபதியின் தீர்ப்பை முன்கூட்டியே ஊகிக்க முடியும் என்றாகிவிட்ட பிறகு, எதிர்க்கட்சி செனட்டர் அவருக்கு வாக்களிக்க என்ன காரணம் மிச்சமிருக்கும்?

விசாரணைகளும் உள்ளீடற்றுப்போயின. போர்க் மனம் திறந்து பேசித் தோற்றதைப் பார்த்த பின்வந்தவர்கள் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். நாளை வழக்காக வரக்கூடிய எதைப் பற்றியும் கோடிகாட்டவும் மாட்டேன் என்ற நிலைப்பாட்டை 1993-ல் ரூத் பேடர் கின்ஸ்பர்க் தெளிவாக வகுத்துக்கொண்டார். எல்லாக் கட்சி வேட்பாளர்களும் அதை இன்றுவரை கவசமாக அணிகிறார்கள். 1995-ல் சட்டப் பேராசிரியராக இருந்த கேகன், இந்த விசாரணைகள் வெறுமையானவை என்று கடுமையாக விமர்சித்து ஒரு கட்டுரை எழுதினார். 2010-ல் அதே நாற்காலியில் அமர்ந்தபோது அவரும் நழுவலான பதில்களையே தந்தார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. பேசியிருந்தால் சில வாக்குகளை இழந்திருப்பார், வேறொன்றும் கிடைத்திருக்காது.

எண்களை வரிசையாக வைத்தால் சரிவு தெரிகிறது. 1986-ல் ஸ்காலியா 98-க்கு 0. 1993-ல் ரூத் பேடர் கின்ஸ்பர்க் 96-க்கு 3. 2005-ல் ஜான் ராபர்ட்ஸ் 78-க்கு 22. ஜனநாயகக் கட்சியினர் சரிபாதியாகப் பிரிந்தார்கள். சில மாதங்கள் கழித்து அலிட்டோ 58-க்கு 42. அவருடைய வாக்கெடுப்பைத் தடுக்க முயன்ற 25 பேரில் அப்போது செனட்டராக இருந்த பராக் ஒபாமாவும் ஒருவர். பத்தாண்டு கழித்து அவருடைய எதிரிகள் அதை மறக்காமல் நினைவூட்டினார்கள்.

கீழ் நீதிமன்றங்களிலும் இதே போக்கு இருந்தது. திருநெல்வேலி மாவட்டத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த ஸ்ரீ சீனிவாசன் 2013 மே மாதம் தலைநகர மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 97-க்கு 0 என்று ஒப்புதல் பெற்றார். அந்த ஆண்டு முடிவதற்குள், அதே நீதிமன்றத்துக்கு ஒபாமா முன்மொழிந்த வேறு மூவரைக் குடியரசுக் கட்சி மொத்தமாக முடக்கியது. நவம்பரில் செனட்டில் ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மையின் தலைவர் ஹாரி ரீட் சினமுற்று, உச்ச நீதிமன்றம் நீங்கலான நியமனங்களுக்கு 60 வாக்கு தேவை என்ற தடையை நீக்கினார். இந்த முடிவுக்காக வருந்துவீர்கள் என்று செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவரான மிட்ச் மெக்கானல் அப்போதே எச்சரித்தார்.

2016 பிப்ரவரி 13 அன்று ஸ்காலியா இறந்தார். சில மணி நேரத்துக்குள், அந்த இடத்தை அடுத்த அதிபரே நிரப்ப வேண்டும் என்று மெக்கானல் அறிவித்துவிட்டார். ஒபாமா அப்போது யாரையும் முன்மொழிந்திருக்கவில்லை. இந்த வரிசையைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்: மறுக்கப்பட்டது கார்லண்ட் அல்ல, முன்மொழியும் உரிமையே. கார்லண்ட் 293 நாட்கள் காத்திருந்தார். ஒரு விசாரணைகூட நடக்கவில்லை. 1992-ல் செனட்டராக இருந்த ஜோ பைடன், தேர்தல் நெருக்கத்தில் இடம் காலியானால் அதிபர் பொறுத்திருக்க வேண்டும் என்று பேசியிருந்தார் என்பதைக் குடியரசுக் கட்சியினர் மேற்கோள் காட்டினார்கள். பேசியது உண்மை. ஆனால் அப்போது காலியிடமும் இல்லை, தடுக்கப்பட்டவரும் இல்லை.

பின்னர் நடந்தவை வேகமாக நடந்தன. 2017 ஏப்ரலில் டிரம்ப் முன்மொழிந்த கோர்சச்சை ஜனநாயகக் கட்சியினர் தடுத்தபோது, ரீட் விட்டுவைத்த கடைசி விலக்கையும் மெக்கானல் நீக்கினார். கோர்சச் 54-க்கு 45 என்று அமர்ந்தார். 2018-ல், பாலியல் தாக்குதல் புகார் கூறிய கிறிஸ்டின் பிளேசி ஃபோர்டின் சாட்சியத்துக்குப் பிறகும் கேவனா 50-க்கு 48. கின்ஸ்பர்க் 2020 செப்டம்பர் 18 அன்று இறந்தபோது, 2016-ல் சொன்ன கொள்கை காற்றில் பறந்தது. தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, பலர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டிருந்த நிலையில், ஏமி கோனி பேரட் எதிர்க்கட்சியின் ஒரு வாக்குகூட இல்லாமல் நியமிக்கப்பட்டார். தேர்தல் ஆண்டில் காலியானால் அடுத்த அதிபருக்கே விட வேண்டும், நான் மாறினால் என் சொல்லை எனக்கு எதிராகவே காட்டுங்கள் என்று 2016-ல் அறிவித்த குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சி கிரஹாம்தான் அந்த விசாரணைக்குத் தலைமை வகித்தார். 2022-ல் கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்ஸன் மூன்று குடியரசுக் கட்சி வாக்குகளுடன் 53-க்கு 47 என்று தேறியதை இன்றைய அளவுகோலில் இணக்கம் என்றே சொல்ல வேண்டும்.

பழி யார் மீது என்ற உங்கள் கேள்விக்கு நேராகச் சொல்கிறேன். கடுமையான பேச்சைத் தொடங்கியதிலும், 60 வாக்குத் தடையை முதலில் உடைத்ததிலும் ஜனநாயகக் கட்சிக்குப் பங்குண்டு. அதை மறைப்பவர்கள் நேர்மையாக எழுதுவதில்லை. ஆயினும் ஒருவரை விசாரித்து நிராகரிப்பதும், யாரையும் விசாரிக்கவே மாட்டோம் என்பதும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. முதலாவதற்குப் பிறகு ஓர் அந்தோனி கென்னடி வர முடிந்தது. இரண்டாவதில் அதற்கு இடமே இல்லை.

தீர்வாக அடிக்கடி முன்வைக்கப்படுவது 18 ஆண்டுப் பதவிக்காலம். பைடனும் 2024 ஜூலையில் இதை ஆதரித்தார். ஒவ்வொரு அதிபருக்கும் நான்காண்டுக்கு இரண்டு நியமனங்கள் கிடைக்கும்; முழுப் பதவிக்காலமும் இருந்த ஜிம்மி கார்ட்டருக்கு ஒன்றுகூடக் கிடைக்காமல், டிரம்புக்கு முதல் நான்கு ஆண்டுகளிலேயே மூன்று கிடைத்தது போன்ற தற்செயல் ஒழியும். 2018-ல் கென்னடியும் 2022-ல் பிரேயரும் செய்ததுபோல, தங்களை நியமித்த கட்சி ஆட்சியில் இருக்கும்போது பார்த்து விலகும் கணக்குகளும் குறையும். எனக்கு இது பிடித்த யோசனைதான். ஆனால் செனட் எதிர்க்கட்சியின் கையில் இருந்து, வரிசைப்படி வரும் பெயரை எடுத்துக்கொள்ளவே மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு, செனட் குறித்த காலத்துக்குள் வாக்களித்தே தீர வேண்டும் என்ற விதியும் சேராதவரை, இதில் விடை இல்லை. ஹிலாரி கிளின்டன் வென்றால் அவர் முன்மொழியும் எவரையும் ஏற்கப்போவதில்லை என்று 2016 அக்டோபரிலேயே குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் பேசியதை நினைத்துப் பாருங்கள். அது தேர்தல் ஆண்டு என்ற சாக்குகூட இல்லாத மறுப்பு. எதிர்க்கட்சி செனட் ஒப்புதல் தந்த கடைசி உச்ச நீதிமன்ற நீதிபதி 1991-ல் வந்த கிளாரன்ஸ் தாமஸ். அவருக்குப் பின் வந்த அத்தனை பேரும் அதிபரின் கட்சியே செனட்டை ஆளும்போது அமர்ந்தவர்கள்.