‘டூ’வுக்குள்ளேயே இருக்கிறது ‘நாட்’

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘காபி குடிக்க முடியாத அளவுக்குச் சூடாக இருக்கிறது’ என்பதை ‘தி காபி இஸ் டூ ஹாட் நாட் டு டிரிங்க் இட்’ என்று எழுதினேன். தவறு என்கிறார்கள். ஏன்? ‘ஸோ... தட்’, ‘சச்... தட்’ இரண்டும் எங்கெங்கே வரும்?

பதில்: தமிழில் ‘முடியாத’ என்று எதிர்மறை இருக்கிறதே என்று நீங்கள் ‘நாட்’ போட்டுவிட்டீர்கள். இயல்பாக வரும் தவறுதான். ‘டூ’ என்றாலே அளவு மீறிவிட்டது என்று பொருள். மீறியதால் காரியம் நடக்காது என்பதும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கடைசி ‘இட்’டும் வேண்டாம், குடிக்க வேண்டிய காபி முதலிலேயே வந்துவிட்டது. ‘தி காபி இஸ் டூ ஹாட் டு டிரிங்க்.’ அவ்வளவுதான்.

இதையே ‘ஸோ... தட்’டுக்கு மாற்றினால், விட்ட இரண்டும் திரும்பி வந்தாக வேண்டும்: ‘தி காபி இஸ் ஸோ ஹாட் தட் ஐ காண்ட் டிரிங்க் இட்.’ ‘தட்’டுக்குப் பின் வருவது முழு வாக்கியம், எழுவாய், வினை, செயப்படுபொருள் எல்லாம் அதற்குத் தனியாக வேண்டும். வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லும் கேள்விகளில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

இன்னொரு சிக்கல், வரிசை. எழுத்துத் தமிழில் விளைவு முன்னால், அளவு பின்னால். ஆங்கிலத்தில் நேர்மாறு. வீட்டில் எப்படிச் சொல்வோம்? ‘காபி அவ்வளவு சூடு, குடிக்கவே முடியல.’ இந்தப் பேச்சு வரிசைதான் ‘ஸோ... தட்’. மொழிபெயர்க்கும் முன் மனதில் இப்படி ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

சரி, ‘சச்’? பண்புச்சொல் மட்டும் வந்தால் ‘ஸோ’: ‘ஸோ கைண்ட் தட்’. அதன் பின் பெயர்ச்சொல்லும் வந்தால் ‘சச்’: ‘சச் எ கைண்ட் டீச்சர் தட்’. ஒருமையில் நடுவே உள்ள அந்த ‘எ’யை விடக் கூடாது. ஆனால் மெனி, மச், ஃபியூ வந்தால், பெயர்ச்சொல் இருந்தாலும் ‘ஸோ’தான்: ‘ஸோ மெனி பீப்பிள்’.

பாராட்டும்போது ‘டூ’ வேண்டாம். ‘தி சாம்பார் இஸ் டூ ஹாட்’ என்றால் குறை சொல்கிறீர்கள் என்றே கேட்பவர் நினைப்பார். சூடாக இருப்பது பிடித்திருந்தால் ‘வெரி ஹாட்’ என்று சொல்லுங்கள்.

அப்புறம், ‘இனஃப்’. ‘போதுமான வயது’ என்று நாம் முன்னால் வைப்பதால் ‘இனஃப் ஓல்ட்’ என்று எழுதத் தோன்றும். பண்புச்சொல்லுக்கு அது பின்னால்தான் வரும். 18 வயது ஆனவரை ‘ஓல்ட் இனஃப் டு வோட்’ என்பார்கள். பெயர்ச்சொல்லுக்கு மட்டும் முன்னால்: ‘இனஃப் மணி’.