வாசகர் கேள்விகள்: பல்பு முதல் தீக்குச்சி வரை

கேள்வி: மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன் அல்ல, ஜோசப் ஸ்வான் என்கிறார்களே, எது சரி?

பதில்: இருவருக்கும் முன்பே கம்பி ஒளிர்ந்துவிட்டது. 1802-இல் ஹம்ப்ரி டேவி பிளாட்டினத்தில் மின்சாரம் பாய்ச்சி ஒளிரவைத்தார். ஒளிரவைப்பது எளிது, அணையாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. விளக்குக்குள் ஒளிரும் சூடான கரி இழைக்குத் துளி ஆக்சிஜன் கிடைத்தாலும் எரிந்து அறுந்துவிடும். கண்ணாடிக் குமிழிலிருந்து காற்றை ஒட்ட உறிஞ்ச வழி செய்தது 1865-இல் ஹெர்மன் ஸ்ப்ரெங்கல் அமைத்த பாதரசப் பம்பு. என்னைக் கேட்டால் பாடப்புத்தகத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும்.

பம்பு மட்டும் போதாது. கரிக்குள்ளேயே வாயு தங்கியிருக்கும். சூடானதும் வெளியேறி வெற்றிடத்தைக் கெடுக்கும். ஆகவே பம்பு ஓடும்போதே இழையில் மின்சாரம் விட்டுச் சூடாக்கி, அந்த வாயுவையும் இழுத்த பிறகே கண்ணாடியை உருக்கி மூட வேண்டும்.

ஸ்வான் 1879 பிப்ரவரியில் இங்கிலாந்தின் நியூகாசிலில் விளக்கை எரித்துக் காட்டினார். எடிசனின் கரியாக்கிய பருத்தி நூல் அதே ஆண்டு அக்டோபரில்தான் வந்தது. ஆனால் ஸ்வான் அப்போது வைத்தது தடிமனான கரிக்கோல், மின்தடை குறைவு. எடிசன் வேண்டுமென்றே மெல்லிய, மின்தடை மிகுந்த இழைக்குப் போனார். காரணம் கணக்கில் இருக்கிறது: 1 ஓம் இழைக்குப் பதில் 100 ஓம் இழை போட்டால், அதே திறனுக்குப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும், அதே கம்பியில் மின்னிழப்பு நூறில் ஒரு பங்காகிவிடும். இல்லையென்றால் ஒரு தெருவுக்கு விளக்குப் போடவே தடித்த செம்புக் கம்பிக்குக் கொட்டி அழ வேண்டியிருக்கும். எடிசன் விற்க நினைத்தது விளக்கை மட்டுமல்ல, ஊருக்கே மின்சாரத்தை. பிறகு 1880-இல் மூங்கில் இழைக்கு மாறியதும் விளக்கு 1,200 மணி நேரம் வரை தாங்கியது. 1883-இல் பிரிட்டனில் இருவரும் ஒரே கம்பெனியாகச் சேர்ந்துவிட்டார்கள். வழக்கு நடத்துவதைவிட அதுதான் லாபம்.

கேள்வி: கொதிக்கும் கெட்டிலின் மூடி ஆடியதைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தாரா?

பதில்: அழகான கதை, அவ்வளவுதான். வாட் பிறந்தது 1736-இல். 1712-லேயே தாமஸ் நியூகோமனின் நீராவி இயந்திரம் சுரங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலிருந்த அதன் சிறு மாதிரி 1763-வாக்கில் பழுதுபார்க்க வாட்டிடம் வந்தது. சில அடிப்புகளிலேயே (பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவது ஓர் அடிப்பு) நீராவி தீர்ந்து நின்றுவிட்டது. ஒவ்வொரு அடிப்புக்கும் சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பீய்ச்சி நீராவியைத் தண்ணீராக்க வேண்டும். அடுத்த அடிப்பில் வரும் நீராவியில் பெரும்பகுதி, குளிர்ந்துபோன அந்த உலோகத்தைச் சூடேற்றவே செலவாகிவிடும். 1765-இல் வாட் கண்ட வழி, நீராவியைத் தனிக் கலத்துக்கு இழுத்து அங்கே குளிர்விப்பது. சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும்.

1769-இல் காப்புரிமை கிடைத்தும் இயந்திரம் ஓடவில்லை. சிலிண்டரின் உட்சுவர் கோணல்மாணல். பிஸ்டன் ஓரமாக நீராவி கசிந்தது. பீரங்கிக் குழாய் குடைய ஜான் வில்கின்சன் 1774-இல் செய்த முறையைச் சிலிண்டருக்கும் பயன்படுத்திய பிறகே, 1776-இல் வாட்டின் இயந்திரங்கள் வேலைக்கு வந்தன.

கேள்வி: தீக்குச்சியைப் பெட்டியின் பக்கப் பட்டையில் உரசினால்தானே பற்றுகிறது, ஏன்?

பதில்: பற்றுவதற்கான பொருள்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட். பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். இந்தப் பிரிவினைக்கு 1844-இல் காப்புரிமை பெற்றவர் சுவீடனின் குஸ்தாஃப் எரிக் பாஷ். அதற்கு முந்தைய குச்சிகளின் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. எங்கு உரசினாலும் பற்றும், அதைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பையும் அரித்தது. பட்டை தேய்ந்தாலோ நமுத்தாலோ குச்சி எவ்வளவு நல்லதானாலும் பற்றாது.