ஜட்ஜுக்கு ஓட்டு போடலாமா?

கேள்வி: சார், என் தம்பி டெக்சாஸ்ல இருக்கான். அங்க மாநில சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜுங்களே எலெக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சு வர்றவங்கதானாமே, நெசமா? இங்கயும் அப்படி வச்சா நம்ம கஷ்டம் தெரிஞ்ச ஆளா பாத்து போடலாமே? என் பொண்ணு லா காலேஜ் படிக்கிறா, ஹைகோர்ட்டு ஜட்ஜ் ஆகணும்ங்கறா, வழி சொல்லுங்க.
- ஒரு வாசகி, மசினகுடி

பதில்: நெசம்தாம்மா. டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட்டுல 9 பேரு, 6 வருஷத்துக்கு ஒருதடவ கட்சி பேரோட நின்னு ஓட்டு வாங்கணும். வக்கீலா இருந்து, கீழ்க்கோர்ட்டு, அப்பீல் கோர்ட்டுன்னு படிப்படியா ஏறி வந்தவங்களும் நன்கொடை வாங்கி பிரசாரம் பண்ணித்தான் ஆகணும், அதே கோர்ட்டுல கேஸ் நடத்துற வக்கீலுங்களும் அந்த நன்கொடைய குடுக்கறாங்க, எனக்கு அதுதான் உறுத்துது.

அயோவா மாநிலத்துல வேற முறை, கவர்னர் நியமிப்பாரு, அப்புறம் இவரு இருக்கட்டுமா வேண்டாமான்னு ஜனங்க ஓட்டு போடுவாங்க. 2009-ல அந்த கோர்ட்டு ஜட்ஜுங்க அத்தன பேரும் ஒரே முடிவா, ஒரே பாலினத்தவர் கல்யாணத்த தடுக்கற சட்டம் செல்லாதுன்னு தீர்ப்பு குடுத்தாங்க. அடுத்த வருஷமே ஓட்டுக்கு வந்த 3 பேரையும், சீஃப் ஜஸ்டிஸ் உட்பட, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

இப்ப உங்க ஊர் யானை வழித்தட கேஸையே எடுத்துக்குங்க, யானைங்க நடமாடற பாதைய அரசாங்கம் வழித்தடமா அறிவிச்சத எதிர்த்து ரிசார்ட்டுக்காரங்க போட்டது. 2011-ல ஹைகோர்ட்டு, 2020-ல சுப்ரீம் கோர்ட்டு, ரெண்டுமே வழித்தடம் செல்லும்னுதான் சொல்லிச்சு. ரிசார்ட்டு மூடினதால பொழப்பு போனவங்க வருத்தம் உண்மையானது, ஆட்சேபணைய விசாரிக்க ரிட்டயர்டு ஹைகோர்ட்டு ஜட்ஜ் தலைமையில கமிட்டியும் போட்டாங்க. ஆனா அந்த ஜட்ஜுங்க மறுவருஷம் உங்க பக்கத்து ஊரு வாழைத்தோட்டத்துலயும் மாவனல்லாவுலயும் வந்து ஓட்டு கேக்கணும்னு இருந்திருந்தா அப்படி எழுதியிருப்பாங்களா? இங்க கொலீஜியம், அதாவது புது ஜட்ஜுங்க பேர சிபாரிசு பண்ற சீனியர் ஜட்ஜுங்க குழு, கதவ சாத்திக்கிட்டு ஆள் எடுக்குதுங்கற குறைய நானும் ஒத்துக்கறேன், அத தொறக்கச் சொல்லி கேப்போம், ஓட்டு மட்டும் வேண்டாம்.

பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். சிவில் ஜட்ஜ் பரீட்சை எழுத 3 வருஷம் வக்கீல் தொழில் பண்ணியிருக்கணும்னு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. 7 வருஷம் தொழில் பண்ணினா நேரடியா மாவட்ட ஜட்ஜ் தேர்வுக்கே போகலாம். ஹைகோர்ட்டுக்கு பரீட்சை கிடையாது, 10 வருஷ அனுபவம் வேணும், கொலீஜியம் பேர் சொல்லணும், 62 வயசுல ரிட்டயர்டு. ஜஸ்டிஸ் பானுமதி திருப்பத்தூர், கிருஷ்ணகிரின்னு சின்ன ஊர் கோர்ட்டுகள்ல வாதாடினவங்கதான், 1988-ல நேரடி மாவட்ட ஜட்ஜ், 2003-ல ஹைகோர்ட்டு, 2014-ல டெல்லி சுப்ரீம் கோர்ட்டு.

அதனால மெட்ராஸுக்கு ஓடினாத்தான் ஆச்சுன்னு நெனக்க வேண்டாம். லீவுக்கு வர்றப்ப கூடலூர் கோர்ட்டுல ஒரு சீனியர்கிட்ட கேஸ் கட்டு தூக்கச் சொல்லுங்க, ஜன்ம நிலம் (பழைய ஜமீன் மாதிரி ஜன்மிங்க கையில இருந்த நிலம்), பட்டா தகராறுன்னு வருஷக்கணக்கா வாய்தா வாங்கி நிக்கற ஜனங்கள பக்கத்துல இருந்து பாக்கட்டும், அந்த கட்டுல இருக்கற பத்திரத்தயும், அடங்கல்ங்கற கிராம சாகுபடி கணக்கயும் தானே வாசிச்சு புரிஞ்சுக்கப் பழகட்டும்.