காவடி விரதமும் லித்தியம் மாத்திரையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு பைபோலார் (மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்) என்று சொல்லி நாலு வருடமாக லித்தியம் கொடுக்கிறார்கள். இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். விரதம் பத்து நாள். உப்பில்லாமல் சாப்பிட வேண்டும், மாத்திரையும் கூடாது என்கிறார் மாமியார். பத்து நாள்தானே, விட்டால் என்ன?
— பெயர் வேண்டாம், சாட்ஸ்வர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: காவடி எடுங்கள். மாத்திரையை விடாதீர்கள். அதைவிட முக்கியம், உப்பை விடாதீர்கள்.

லித்தியமும் உப்பிலுள்ள சோடியமும் சிறுநீரகத்துக்கு ஏறக்குறைய ஒன்றுதான். உணவில் உப்புக் குறைந்தால் சிறுநீரகம் இருக்கிற சோடியத்தை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். நீங்கள் விழுங்குவது அதே அளவுதான், ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். இந்தியாவில் தைப்பூசம் குளிர்காலம்; டர்பனில் அது நடுக்கோடை. வியர்வையில் உப்பும் நீரும் சேர்ந்து போகும் நாளில், உப்பில்லாத வயிற்றோடு தார்ச்சாலையில் நடப்பது லித்தியம் சாப்பிடுபவருக்கு நல்லதல்ல. நீண்டகாலச் சிகிச்சையில் ரத்த அளவு வழக்கமாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருக்கும். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். இடைவெளி அவ்வளவு சிறியது.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வேறு ஆபத்து. படிப்படியாகக் குறைப்பவர்களைவிடத் திடீரென்று விடுபவர்களுக்கு மேனியா (அந்த அளவுமீறிய உற்சாக நிலை) சீக்கிரமாகவும் கடுமையாகவும் திரும்புகிறது. தூக்கம் குறைந்து, பேச்சு வேகமாகி, செலவு கைமீறுவதை 'சாமி அருள்' என்று வீட்டார் எடுத்துக்கொண்டால் இரண்டு வாரம் வீணாகிவிடும்.

கொடியேற்றத்துக்கு மூன்று வாரம் முன்பே கிளினிக்குக்குப் போய் லித்தியம் அளவும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள். முந்தின இரவு மாத்திரை எடுத்து 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகுதான் போடலாம். அவசரத்தில் முன்னதாக எடுத்த ரத்தம் அளவைக் கூட்டிக் காட்டும். மாத்திரைக்கு வழக்கமான நேரம், வழக்கமான அளவு. சைவம் இருங்கள், ஒரு வேளை மட்டும் சாப்பிடுங்கள், ஆனால் சாப்பாட்டில் வழக்கமான உப்பு இருக்கட்டும். பூசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பூசாரிகளுக்கு சர்க்கரை நோயாளிகளுக்கு விதிவிலக்குச் சொல்லிப் பழக்கம் உண்டு, இதுவும் அதைப் போலத்தான். ஊர்வலத்தில் வெறும் தண்ணீர் போதாது. கடையில் விற்கும் அமாசியில் (புளித்த கெட்டிப் பால்) நீர்விட்டுக் கரைத்து, உப்பும் இஞ்சியும் தட்டிப்போட்டால் நல்ல நீர்மோர். ஒருவர் கையில் ஒரு பாட்டில் இருக்கட்டும்.

நடந்து முடிந்ததும் கால் வலிக்கும். டர்பனில் எந்தக் கைப்பையைத் திறந்தாலும் மைப்ரோடோல் வலி மாத்திரை இருக்கும். அதில் இபுபுரோஃபென் கலந்திருக்கிறது. இபுபுரோஃபெனும் வோல்ட்டாரென் வலி மாத்திரையும் லித்தியம் அளவை ஏற்றிவிடும். உங்களுக்குப் பனடோ (பாராசிட்டமால்) மட்டும்.

கை முன்னைவிடப் பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது: இதில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையை எடுக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய், "லித்தியம் சாப்பிடுகிறேன், அளவு பாருங்கள்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வாரத்தில் இரண்டு நாளாவது மாத்திரை மறந்துபோகிறது. மறுநாள் இரண்டாகப் போடலாமா?
— ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: கூடாது. அன்றைக்கே நினைவு வந்தால் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்ட வேளையை விட்டுவிடுங்கள். இரண்டு மருந்துக்கு மட்டும் தனிக் கணக்கு. க்ளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விடுபட்டால் பழைய அளவில் தொடங்கக் கூடாது, ரத்த அழுத்தம் சடாரென்று விழும். 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். லாமோட்ரிஜின் ஐந்து நாளுக்கு மேல் விட்டால் மருத்துவரைக் கேட்காமல் முழு அளவைப் போடாதீர்கள். உயிருக்கே ஆபத்தான தோல் தடிப்பு வரக்கூடும்.

மறதிக்கு அலாரத்தைவிட, தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு முடிச்சுப்போடுவது நிற்கும். மாலையில் காமாட்சி விளக்கேற்றும் வீடென்றால் மாத்திரைப் பெட்டியைத் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஏழு நாள் பெட்டி வாங்கினால் 'இன்றைக்குப் போட்டேனா' என்ற சந்தேகமே வராது. எபிலிம் (வால்ப்ரோயேட்) மாத்திரையை மட்டும் உறையைப் பிரித்துப் பெட்டியில் போடாதீர்கள். டர்பன் ஈரக்காற்றை இழுத்துக் கொழகொழத்துப் போகும். உறையோடு கத்தரித்துப் போடுங்கள். குளியலறை அலமாரி எந்த மாத்திரைக்கும் இடமல்ல.

கேள்வி: மூன்று மாதமாக ஃப்ளூவாக்ஸட்டின் 20. மனச்சோர்வு போய்விட்டது, ஆனால் அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, எல்லாம் மரத்துப்போன மாதிரி. போன மாதம் பத்து நாள் விட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அப்படியே நிறுத்திவிடலாமா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: ஒன்றும் ஆகாததற்குக் காரணம், பத்து நாளில் மருந்து உங்கள் உடம்பை விட்டுப் போகவேயில்லை. ஃப்ளூவாக்ஸட்டினும் அது உடைந்து உண்டாகும் பொருளும் முழுவதும் வெளியேற ஐந்து வாரம் ஆகலாம். அதனால்தான் இந்த மருந்தை விடுபவர்கள் எளிதாக ஏமாந்துபோகிறார்கள். முதல் மாதம் நன்றாக இருக்கும், நோய் திரும்புவது அதற்குப் பிறகு, அப்போது மாத்திரையின் நினைவே யாருக்கும் இருக்காது. வென்லாஃபாக்சினோ பராக்சட்டினோ ஆகியிருந்தால் இரண்டாம் நாளே தலைசுற்றலும் மண்டைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வந்திருக்கக்கூடும்.

மரத்துப்போவது உங்கள் கற்பனையல்ல. இந்த வகை மருந்தில் அது உண்டு, படுக்கையறையில் ஆர்வம் குறைவதும் உண்டு. மாத்திரையை விடுகிறவர்களில் பலர் வெளியே சொல்லாத காரணம் இதுதான். மருத்துவரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். குணமான நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் தொடர்வது முறை. இது இரண்டாவது மூன்றாவது தடவையென்றால் இன்னும் நீளும். அதற்கு முன்பு நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். இடையில் சாவு பற்றிய எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: மனச்சோர்வு, பதற்றத்துக்கு உதவும் தென்னாப்பிரிக்க அமைப்பான சடாக்கின் இலவச எண் 0800 567 567, இரவிலும் எடுப்பார்கள்.

கேள்வி: தம்பிக்கு ஸ்கிட்சோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்). ரிஸ்பெரிடோனை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துத் துப்பிவிடுகிறான். அம்மா டீயில் கரைத்துக் கொடுக்கிறார். சரியா?
— அக்கா ஒருவர், டோங்காட்

பதில்: அம்மாவின் தவிப்பு புரிகிறது, ஆனால் நிறுத்தச் சொல்லுங்கள். தம்பி கண்டுபிடிக்கும் நாளில் வீட்டுச் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்ற அவன் சந்தேகம் உண்மையாகிவிடும். பிறகு அம்மா கையால் எதையுமே வாங்க மாட்டான்.

ஏன் துப்புகிறான் என்று கேட்டீர்களா? 'எனக்கு நோயே இல்லை' என்பது ஒரு பதில். ஆனால் பல நேரம் காரணம் உடம்பில் இருக்கும். ஒரு இடத்தில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருக்கிறானா? கை ஆடாமல் விறைப்பாக நடக்கிறானா? மார்பு வீங்கியிருக்கிறதா? மூன்றும் ரிஸ்பெரிடோனால் வரக்கூடியவை, மூன்றுக்கும் வழி உண்டு. கிளினிக்கில் அவன் முன்னிலையிலேயே இதைச் சொல்லுங்கள். தன் கஷ்டத்தை யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

தினமும் சண்டை வேண்டாமென்றால் ஊசி இருக்கிறது. அரசு கிளினிக்குகளில் ஃப்ளூபென்திக்சால், சூக்ளோபென்திக்சால் ஊசிகள் 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை இடுப்பில் போடப்படும். முதலில் சிறிய அளவில் போட்டுப் பார்ப்பார்கள். அடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள். ஊசி விட்டுப்போனதன் விளைவும் தாமதமாகத்தான் தெரியும்.

அவன் எதற்கும் மறுத்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்தானால், 2002-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 17-இன்படி நீங்கள் விண்ணப்பிக்கலாம். கடந்த 7 நாளுக்குள் அவனை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். அனுமதித்தால் 72 மணி நேரம் கண்காணித்து மதிப்பிடுவார்கள்.

கேள்வி: மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) மனச்சோர்வு மாத்திரைக்குப் பணம் தர மறுக்கிறது. அண்ணனின் பைபோலார் மாத்திரைக்கு மட்டும் தருகிறது. ஏன்?
— லெனேசியா

பதில்: எல்லாத் திட்டங்களும் கட்டாயம் பணம் தர வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் பைபோலாரும் ஸ்கிட்சோஃப்ரீனியாவும் உண்டு, மனச்சோர்வு இல்லை. சில திட்டங்கள் தாமாகவே கூடுதல் நோய்களையும் சேர்த்திருக்கும்; உங்கள் திட்டத்தின் நாள்பட்ட மருந்துப் பகுதியில் கேளுங்கள். இல்லையென்றால் கெமிஸ்ட்டிடம் ஜெனரிக் கேளுங்கள். ஃப்ளூவாக்ஸட்டின் பழைய மருந்து, விலை குறைவு. பணம் இல்லாத மாதத்தில் மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளை நீட்டிக்க வேண்டாம், அரசு கிளினிக்குக்குப் போங்கள்.