அந்தக் கட்டுரை யாருடையது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் படிக்கும் என் அக்கா மகள் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். ஏன் டாக்டராக வேண்டும் என்று 5,300 எழுத்துகளுக்குள், இடைவெளியும் சேர்த்து, கட்டுரை தர வேண்டும். திருத்தித் தரச் சொன்னாள். உட்கார்ந்தால் பாதிக்கு மேல் நானே எழுதிவிடுகிறேன். எதுவரை போகலாம்? காசுக்குத் திருத்துபவர்களும் ஏஐயும் இருக்கும்போது நான் மட்டும் தயங்குவானேன்?

வித்யா

அன்புள்ள வித்யா,

தயங்குகிறீர்களே, அதுவே பெரிய விஷயம். ஆனால் பாதிக்கு மேல் எழுதிவிட்டு அதைத் திருத்தம் என்று சொல்லாதீர்கள். இது என் சொந்த எழுத்து என்று உறுதிமொழி கொடுத்துச் சமர்ப்பிக்கப்போவது அந்தப் பெண். பிழை பார்க்க ஏஐயின் உதவியைக்கூட அந்த உறுதிமொழி அனுமதிக்கிறது, முடிவில் நிற்பது அவளுடைய உழைப்பாகவும் அனுபவமாகவும் இருந்தால் போதும். காசு வாங்குபவர்கள் கதை நமக்கெதற்கு?

பிரிட்டனில் 2007இல் இப்படிப்பட்ட கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எட்டு வயதில் வேதியியல் சோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை போட்ட கதையை 234 பேர் எழுதியிருந்தார்கள்! யாரோ ஒரு பிள்ளைக்கு நிஜமாகவே பைஜாமா எரிந்திருக்கும். அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். தன் சொந்தக் கதையை அது இனி யாரிடம் சொல்லும்?

நான் எழுத வந்த காலத்தில் ஒரு பத்திரிகை ஆசிரியர் என் பிரதியில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டார். ஓரத்தில் பென்சிலால் கேள்வி மட்டும் போடுவார். "கை நடுங்கியது என்கிறாய். யார் கை? அப்போது அறையில் வேறு யார்?" எரிச்சலாக வரும். மனதுக்குள் திட்டிக்கொண்டே போய் எழுதினால், எனக்கே மறந்திருந்த ஒரு ஆள் அந்த அறைக்குள் வந்து நிற்பார். அவரே ஒரு நல்ல வரி போட்டுத் தந்திருந்தால் அந்த ஆள் வந்திருக்கவே மாட்டார்.

நீங்களும் கேளுங்கள். "நோயாளிகளுக்கு உதவ ஆசை" என்று எழுதினால், எந்த நோயாளி, அவர் உன்னிடம் என்ன சொன்னார் என்று கேளுங்கள். தெரியாது என்றால் அந்த வரியை அவளே வெட்டட்டும். எழுத்துப்பிழையைச் சுட்டுங்கள், சலிப்பூட்டும் இடத்தைச் சொல்லுங்கள். வாக்கியம் மட்டும் தராதீர்கள். நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்டால் சித்தியா போய் உட்காருவீர்கள்?

உங்கள் வரிகளை இன்றே அழித்துவிடுங்கள். அவளுடைய முதல் பிரதி பத்திரமாக இருக்கிறதல்லவா? எனக்கு அனுப்பிவிடாதீர்கள், நானும் கை வைத்துவிடுவேன்.