பிறந்தநாளன்று விடுப்பு

அன்புள்ள ஐயா,

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியை. மூன்றாம் வகுப்பு, 24 பிள்ளைகள். பிறந்தநாள் என்றால் கலர் டிரஸ் போட்டு, கூட ஒரு தோழியை அழைத்துக்கொண்டு, எல்லா வகுப்புக்கும் போய் மிட்டாய் கொடுப்பார்கள். இந்த வருடம் ஒரு பையனின் அப்பா கேக் கொண்டுவந்தார். அடுத்து வந்தவர் கேக்கோடு எல்லாருக்கும் பேனாவும் கொடுத்தார். போன வாரம் ஒரு சிறுமி தன் பிறந்தநாளன்று பள்ளிக்கு வரவில்லை. மறுநாள் கேட்டதற்கு வயிற்றுவலி என்றாள். வீட்டில் மிட்டாய் வாங்கக் காசில்லை என்று பக்கத்தில் உட்காரும் பிள்ளைதான் சொன்னது. பிறந்தநாளே வேண்டாம், நிறுத்திவிடலாம் என்கிறார் தலைமையாசிரியர். எனக்கு மனசு வரவில்லை. நீங்களும் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவர். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள டீச்சர்,

பிறந்தநாளை நிறுத்த வேண்டாம். வீட்டிலிருந்து வாங்கி வருவதை மட்டும் நிறுத்துங்கள். மிட்டாய், கேக், பேனா எதுவும் வரக்கூடாது, யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான். 1990களில், நான்காம் வகுப்பு. சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து, 'இன்றைக்கு உனக்குத்தானே பிறந்தநாள், கலர் டிரஸ் எங்கே?' என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவன் எழுந்து நின்று, 'எனக்கு இன்னைக்கு இல்ல சார், ரிஜிஸ்டர்ல தப்பா எழுதிட்டாங்க' என்றான். நம்பிவிட்டேன். தேதியைத் திருத்த வேண்டுமே என்று சாயங்காலம் அவன் வீட்டுக்கே போனேன். தேதி சரிதான் என்றார் அவன் அப்பா. ஒன்பது வயதுப் பிள்ளை ஐம்பது மிட்டாய்க்காகத் தன் பிறந்தநாளையே இல்லை என்று சொல்லியிருக்கிறான். சொல்ல வைத்தவன் நான். இத்தனை வருடம் ஆகியும் அது ஆறவில்லை.

அவன் சொன்னதை நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. என் தலைமுறையில் பதிவேட்டுத் தேதி பாதிப்பேருக்குத் தப்புத்தான். வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று சேர்த்துக்கொள்வார்கள். தேதியைத் தலைமையாசிரியரே கணக்குப் பார்த்து எழுதுவார். அதனால் மே, ஜூனில் 'பிறந்தவர்கள்' எங்கள் ஊரில் ஏராளம். என் சான்றிதழில் ஜூன் 1. அம்மாவைக் கேட்டால் ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் என்பார்.

இப்போது பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர அதுதான் ஆதாரம். ஆனால் வயதுச் சான்று இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையைச் சேர்க்காமல் விடக்கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. செங்கல் சூளைக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். நாள் தெரியாத பிள்ளைக்கு, அது உங்கள் பள்ளியில் சேர்ந்த நாளை வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் கொண்டாடுவதில்லை என்று மத நம்பிக்கையால் விலகியிருக்கும் வீடுகளும் உண்டு. முன்னதாகவே வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, மிட்டாய் இல்லாமல் என்னதான் செய்வது? நான் அப்புறம் செய்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புக் கணக்கில் தகவல் செயலாக்கம் வருகிறது இல்லையா? ஒரு சார்ட்டில் பன்னிரண்டு மாதமும் எழுதி, ஒவ்வொரு மாதத்தின் மேலும் பிள்ளைகளே தங்கள் பெயர்ச்சீட்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். எந்த மாதம் உயரம், எது காலி என்று அவர்களே படிப்பார்கள். பாடமும் ஆயிற்று, வருடம் முழுக்கச் சுவரில் தொங்கும் பிறந்தநாள் பட்டியலும் ஆயிற்று. மே மாதத்துப் பிள்ளைகளுக்கு அப்போது பள்ளி இருக்காது. அவர்களுக்கு ஆறு மாதம் தள்ளி நவம்பரில் அதே தேதியை வைத்தேன். எல்லாரையும் ஒரே நாளில் கூட்டி முடித்துவிடாதீர்கள். தனக்கென்று ஒரு நாள் என்பதில்தான் பிள்ளைக்குச் சந்தோஷம்.

அந்த நாளில் காலை வழிபாட்டில் குறள் சொல்வது அந்தப் பிள்ளை. வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடுவதும் அதுதான். மதியத்துக்கு மேல் பத்து நிமிடம் ஒதுக்கி, மற்ற பிள்ளைகள் ஆளுக்கொன்றாக அதைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும். 'நல்ல பையன்' என்றால் ஏற்கமாட்டேன், நடந்ததைச் சொல்ல வேண்டும். 'நான் விழுந்தப்ப தண்ணி கொண்டுவந்தான்', 'எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துச்சு', இப்படி வரும். சொல்வதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன். எழுதத் தெரிந்த பிள்ளைகள் தாங்களே எழுதுவார்கள். சாயங்காலம் கடைசி மணியையும் அந்தப் பிள்ளைதான் அடிக்கும். எங்கள் பள்ளியில் மணி என்பது மரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதை அடிக்க அவர்களுக்கு இருந்த ஆசையைப் பார்த்தபின் மிட்டாயை யாரும் கேட்கவில்லை.

கலர் டிரஸ்ஸும் வேண்டாம் என்றே சொல்வேன். அரசு சீருடை கொடுக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளியிலும் காலை உணவும் வந்துவிட்டது. ஒரே உடையில், ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகளை நாமே ஒரு மிட்டாய் டப்பாவை வைத்துப் பிரிக்க வேண்டுமா? தலைமையாசிரியருக்கு வேறு காரணம் வேண்டுமென்றால், சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கேக் கொண்டுவந்த அப்பாவிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். சுற்றறிக்கை அனுப்பினால் மனது நோகும். அவருடைய சின்ன வயதில் யாரும் அவருக்குப் பிறந்தநாள் கொண்டாடியிருக்க மாட்டார்கள். தன் பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்று ஆசைப்படுகிறார், அதில் தப்பில்லை. செலவழித்தே ஆக வேண்டும் என்றால் வகுப்பு நூலகத்துக்கு நாலு கதைப்புத்தகம் வாங்கித் தரட்டும், பெயர் எழுதாமல்.

அந்தச் சிறுமிக்காக இதைத் தொடங்குகிறீர்கள் என்று அவளுக்குத் தெரியவே கூடாது. மிட்டாய் பற்றி அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். இந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து கணக்கு என்று வகுப்பில் அறிவித்து, தவறிப்போன நாட்களை வரிசையாக முடித்துக்கொண்டு வாருங்கள். அவள் முறை தானாக வரும். அன்றைக்கு மணி எட்டவில்லை என்றால் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுங்கள்.

அன்புடன்.