கச்சான் காற்றில் ஒரு நீர்வர்ண வானம்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் நீர்வர்ண ஓவியம் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். திருகோணமலையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இத்தனை பேர் தூரிகையும் கையுமாக இருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஓய்வு பெற்ற பின்னர் இரண்டு ஆண்டுகளாக நீர்வர்ணம் தீட்டிப் பழகுகிறேன். ஆடி மாதம் முழுவதும் காலையில் டச்சு பே கடற்கரைக்குச் சென்று சுவாமி மலையை வரைந்தேன். மலை ஓரளவு கைகூடுகிறது. ஆனால் வானம் ஒவ்வொரு முறையும் திட்டுத் திட்டாகக் காய்ந்து, நடுவில் கோடு விழுந்துவிடுகிறது. மார்கழியில் வீட்டுக்குள் இருந்து அதே காட்சியைத் தீட்டியபோதோ தாள் காயவே இல்லை. நிறம் பூக்கோவாவைப் போலப் பிதுங்கி நின்றது. பிழை என் கையிலா, தாளிலா?
– வாசகர், உப்புவெளி

பதில்: ஐயா, மலையை ஒழுங்காக நிறுத்தத் தெரிந்த கையைக் குறை சொல்ல மாட்டேன். ஆடியில் கச்சான் காற்று தாளிலிருந்த நீரை நீங்கள் பயன்படுத்துவதற்கு முன்னரே எடுத்துக்கொண்டது. மார்கழியில் வாடைக்காலத்து ஈரம் அதே நீரைத் தாளை விட்டுப் போகவிடவில்லை. நமது ஊரில் நீர்வர்ணம் பழகுபவர் ஆண்டுக்கு இரண்டு விதமான கைப்பழக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட பயிற்சி நூல்கள் சொல்லும் நிமிடக் கணக்கு இங்கே எந்த மாதத்துக்கும் பொருந்துவதில்லை.

கோடு எப்படி விழுகிறது என்பதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். மேசையில் சிந்திய பிளேன்ரீ காய்ந்த பின்னர் நடுப்பகுதி வெளிறியும் ஓரம் கருவட்டமாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் நீர் விரைவாக ஆவியாவதால், நடுவிலுள்ள நீர் தன்னோடு நிறத்துணிக்கைகளையும் இழுத்துக்கொண்டு ஓரத்துக்குச் செல்கிறது. வானத்தின் மேற்பாதியைத் தீட்டிவிட்டு, தூரிகையை மீண்டும் நனைத்துக்கொண்டு நீங்கள் திரும்புவதற்குள் கச்சான் அந்த ஓரத்தை உலர்த்திவிடுகிறது. அதன்மேல் அடுத்த பட்டை சேரும்போது கோடு நிலைத்துவிடுகிறது. பூக்கோவா இதற்கு நேர்மாறான நேரத்தில் தோன்றுவது. அரைகுறையாக உலர்ந்த தாளில் அதைவிட நீர் கூடிய தூரிகையை வைத்தால், புதிய நீர் பரவி, படிந்துகொண்டிருக்கும் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கிறது.

ஆகவே நீங்கள் பார்க்கப் பழக வேண்டியது தாளின் பளபளப்பை. தாளைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். முதலில் நீர் கண்ணாடி போலத் தேங்கி நிற்கும். அப்போது இடும் நிறம் கட்டுப்பாடின்றி ஓடும். பின்னர் தேக்கம் மறைந்து சீரான பளபளப்பு மட்டும் இருக்கும். வானத்துக்கு உரிய வேளை அதுதான். அடுத்து, சாணம் மெழுகிய தரை காயத் தொடங்கும்போது இருப்பது போன்ற மங்கலான ஈரம் வரும். முகிலின் அடிப்பகுதிக்கு இறுக்கமான சாம்பல் நிறத்தை அப்போது வைக்கலாம். நீர் கூடிய தூரிகையை மட்டும் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. பளபளப்பு முற்றாகப் போன பின்னரும் தாள் உள்ளே ஈரமாகவே இருக்கும். புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள்; குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள்.

கச்சான் காலத்துக்கு நான் கைக்கொள்ளும் முறை இது. சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்து, சில நிமிடங்கள் ஊறவிட்டு, ஒரு பிளாஸ்ரிக் பலகைமேல் ஒட்டினாற்போல் விரித்துவிடுவேன். அடிப்பக்கத்து நீர் கீழே போக வழியில்லாமையால் மேற்பக்கத்துக்கு ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தாளை நனைப்பதற்கு முன்னரே வானத்துக்கு வேண்டிய நீலம் முழுவதையும், தேவைக்கு மேலாகவே, கிண்ணத்தில் கரைத்து வைத்துவிடுவேன். காய்ந்தால் நிறம் வெளிறும். தாளின் ஈரம் அதை மேலும் வெளிறச் செய்யும். ஆதலால் கிண்ணத்தில் அது சற்று அதிகமாகவே கறுத்திருக்க வேண்டும். பிறகு பலகையைச் சிறிது சாய்த்து, இருப்பதில் பெரிய தூரிகையால் மேலிருந்து கீழாக நிறுத்தாமல் இழுத்துவிடுவேன். டச்சு பேயில் கரையேற்றி வைத்திருக்கும் வள்ளத்தின் மறைவில், காற்றுக்கு முதுகு காட்டி அமர்ந்துகொள்வதும் பெரிய உதவி. காலை 6 மணிக்கு வானத்தை முடித்துவிட்டால் மலைக்கு அவசரம் இல்லை. அப்போது கிழக்கிலிருந்து வரும் வெயில் வலப்பக்கமாக விழுந்து பாறையின் வெடிப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டும்.

இவற்றை என் சொல்லை நம்பி ஏற்க வேண்டாம். ஒரே தாளை ஆறு துண்டுகளாக வெட்டி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனைத்து, முதல் துண்டில் முதலாம் நிமிடத்தில், அடுத்ததில் இரண்டாம் நிமிடத்தில் என்று ஒவ்வொரு துளி நீலம் விட்டுப் பாருங்கள். மாதம், மணி, காற்று எப்படி இருந்தது என்பவற்றைத் துண்டின் பின்புறம் எழுதுங்கள். எனது ஆவணித் துண்டுகளில் நான்காம் நிமிடத்துளி கத்தியால் வெட்டியது போன்ற விளிம்போடு நிற்கிறது. மார்கழித் துண்டுகளிலோ ஆறாம் துளியும் கலைந்து போயிருந்ததால் இருபது நிமிடம் வரை நீட்ட வேண்டி வந்தது. தாள், நீர், நிறம், பலகையின் சாய்வு ஆகியவற்றுள் ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்பதைக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: உயர்தரத்தில் சித்திரம் ஒரு பாடமாகக் கற்கிறேன். என்னிடம் உள்ள பணத்துக்கு ஐந்து ரியூப் வர்ணம்தான் வாங்கலாம். எவற்றை வாங்குவது? கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்கும் புள்ளிமான்களை வரைய ஆசை. புள்ளிகளுக்காக வெள்ளையும் வாங்க வேண்டுமா?
– மாணவி, கிண்ணியா

பதில்: தங்கையே, ரியூப்பின் முன்பக்கத்தில் உள்ள அழகிய பெயரை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் சிறிதாக அச்சிட்டுள்ள நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். பி.பி. 29 என்பது அல்ட்ராமரைன் நீலம். பி.பி.ஆர். 7 என்று குறித்த பேர்ன்ட் சியன்னா செங்கபிலம். பி.வை. 43 மஞ்சட் காவி. பி.வி. 19 குயினக்ரிடோன் ரோஸ். பி.வை. 3 எலுமிச்சை மஞ்சள். இந்த ஐந்தும் போதும். ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள் வெவ்வேறு நிறமிகளை விற்பதுண்டு, குறியீடு மாறாது. அலிசரின் கிரிம்சன் என்ற பெயரில் பி.ஆர். 83 இருந்தால் வாங்க வேண்டாம், அது வெளிச்சத்தில் வெளிறிப் போகும். சந்தேகம் இருந்தால் தாளில் ஒரு பட்டை தீட்டி, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் விழும் யன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். நமது ஊர் வெயில் எதையும் மறைக்காது.

அல்ட்ராமரைனையும் பேர்ன்ட் சியன்னாவையும் கலந்து பார்க்க ஒரு முழுப் பிற்பகலை ஒதுக்குங்கள். நீலம் கூடினால் கொட்டியாரக் குடாவின் மேல் மழை இருண்டு வரும் நிறம். கபிலம் கூடினால் நனைந்த வள்ளத்துப் பலகையின் நிறம். இரண்டும் சமமாக நின்றால் கறுப்பு ரியூப் தரும் உயிரற்ற கருமையைவிட மேலான ஒரு கருஞ்சாம்பல். கரடான தாளில் அல்ட்ராமரைனின் துணிக்கைகள் பள்ளங்களில் போய் அமர்ந்துகொள்வதால், நீங்கள் எதுவும் செய்யாமலே பாறையின் சொரசொரப்பு வந்துவிடும்.

மானின் புள்ளிகளுக்கு மட்டும் வெள்ளையை ஏற்றுக்கொள்வேன். நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது தீட்டாமல் விட்ட தாள்தான், கடல் நுரையையும் கோபுரத்தில் படும் வெயிலையும் அப்படியே விட வேண்டும். ஆனால் நடமாடும் மானின் முதுகில் ஐம்பது சிறு புள்ளிகளை விட்டுவிட்டுத் தீட்டப் போனால் மான் விறைத்துப் போகும். உடலை ஒரே மூச்சில் கபிலத்தில் தீட்டி, காய்ந்த பின் தைத்தானியம் வெள்ளையைத் தடிப்பாகத் தொட்டு வையுங்கள். அதுவும் முதுகெலும்பை ஒட்டிய வரிசையிலும் வெயில் படும் தொடையிலும் மட்டும். அந்த வெள்ளைக்கும் நமது மாவட்டத்துக்கும் ஓர் உறவு உண்டு. புல்மோட்டைக் கரையில் அள்ளப்படும் கரிய கனிய மணலில் உள்ள இல்மனைற்றிலிருந்தே தைத்தானியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்ணிறமி பிரித்தெடுக்கப்படுகிறது. ஒரு பிடி கருமணலில் இவ்வளவு வெண்மை இருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தீருவதில்லை.

கேள்வி: கடற்காட்சியைக் கடல்நீரிலேயே கரைத்துத் தீட்டினால் என்ன? கன்னியா வெந்நீரில் தீட்டலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: கடல்நீரில் நான் தீட்டிப் பார்த்தேன். உப்பு, நிறத்தை ஆங்காங்கே விலக்கி மணல் தூவியது போன்ற அழகான புள்ளிகளைத் தந்தது. ஆனால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் வாடைக்காலம் வந்ததும் அந்தப் படம் மீண்டும் நனைந்து, மேலிருந்த தாளோடு ஒட்டிக்கொண்டது. தூரிகையின் உலோகப் பிடியும் அரித்துவிட்டது. அந்தப் புள்ளிகள்தான் வேண்டுமென்றால், நல்ல நீரில் தீட்டி, பளபளப்பு மங்கும் நேரத்தில் நாலைந்து உப்புக்கல்லைத் தூவி, முற்றாகக் காய்ந்ததும் தட்டி உதிர்த்துவிடுங்கள். வெந்நீர் காய்ந்த வர்ணக் கட்டியை விரைவாகக் கரைக்கும் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை. கன்னியா, மக்கள் பிதிர்க்கடன் செய்யும் இடம். அங்கே தூரிகையைக் கழுவ வேண்டாம். ஏழு கிணறுகளையும் சற்றுத் தள்ளி இருந்து வரையுங்கள், வர்ணத்துக்கான நீரை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

கேள்வி: கொழும்பில் வேலை செய்கிறேன். விடுமுறைக்கு ஊர் வரும்போது கிடைக்கும் ஓரிரு நாளில் பயண ஓவியம் வரைய விரும்புகிறேன். பேருந்திலும் புகையிரதத்திலும் எப்படித் தீட்டுவது? ஆட்கள் கூடிவிட்டால் கை நடுங்குகிறது.
– வாசகி, தம்பலகாமம்

பதில்: அம்மா, ஓடும் வண்டியில் தீட்டவே வேண்டாம். ஆங்கில ஓவியர் ரேணர் தம் பயணங்களில் பெரும்பாலும் பென்சிலால் விரைவாகக் குறித்துக்கொண்டு, நிறத்தைப் பின்னர் அறைக்குள் இருந்தே தீட்டினார். அவருக்குப் போதுமாக இருந்த வழி நமக்கும் போதும். உள்ளங்கையளவு கொப்பியில் வெளிச்சம், இடைநிலை, இருள் என்ற மூன்று தரத்தை மட்டும் பென்சிலால் பிரித்து, ஓரத்தில் நிறத்தைச் சொல்லாக எழுதுங்கள். "பச்சை" என்று எழுதினால் வீட்டில் உதவாது. "நாற்றங்காற் பச்சை, மஞ்சள் தூக்கல்" என்று எழுதினால் உங்கள் ஊர் வயல் அப்படியே கண்முன் வரும்.

இதே தீவில் இதற்கு முன்னோடியும் உண்டு. 1846இல் கொழும்பு அக்கடமியில் சித்திரம் கற்பிக்க வந்த அயர்லாந்து ஓவியர் அன்ட்ரூ நிக்கல், 1848இல் காடுகளினூடே ஐந்து வாரங்கள் பயணம் செய்து வரைந்தார். காட்டுவழிப் பயணத்தின் இடையில் அவர் வரைந்தார் என்றால், நமக்குப் பேருந்து தரிப்பிடத்தில் கிடைக்கும் இருபது நிமிடம் சிறியது அன்று.

ஓரிரு நாளுக்கு ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். 2009இல் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தை முழுதாக வரைய முயன்றால் தாளில் ஒரு நீண்ட கோடுதான் மிஞ்சும். இரண்டு தூண்களையும், அவற்றின் நிழல் நீரில் உடைந்து அசைவதையும், கீழே செல்லும் ஒரு தோணியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிழலை ஒரே இழுப்பில் தீட்டி, அசைவுக்கு அங்கங்கே வெறுந்தாள் தெரிய விடுங்கள். தோணிக்காரர் தூணைக் கடப்பதற்கு முன் அவர் முதுகின் வளைவை மட்டும் பென்சிலால் பிடித்துவிட்டால் மீதியை ஆறுதலாகச் செய்யலாம்.

ஆட்கள் கூடுவதைப் பற்றி: கரைவலை இழுப்பவர்களை நான் முதன்முறை வரைந்தபோது எனக்கும் கை நடுங்கியது. வலை ஏறியதும் ஒரு பெரியவர் வந்து பார்த்து, "கயிறு இப்பிடித் தொங்காது தம்பி, இழுக்கேக்க விறைச்சு நிற்கும்" என்றார். அன்றிலிருந்து கூட்டத்தில் தொழில் தெரிந்த ஒருவர் நிற்பார் என்ற எண்ணமே எனக்குத் துணையாகிவிட்டது. வரையத் தொடங்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். கடற்படை, இராணுவக் காவல் உள்ள இடங்களில் கொப்பியைத் திறக்க வேண்டாம். ஐயம் இருந்தால் காவலில் நிற்பவரிடம் கேட்டுவிட்டே அமருங்கள்.

கேள்வி: வாடைக்காலத்தில் வர்ணப் பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கிறது. நல்ல விலை கொடுத்து வாங்கிய தாளிலும் தீட்டும்போது கருந்திட்டு விழுகிறது.
– வாசகி, நிலாவெளி

பதில்: வர்ணத்தைப் பிணைக்கும் அரபுப் பிசின் பூஞ்சணத்துக்கு உணவு. தீட்டி முடித்ததும் பெட்டியை மூடாமல், வர்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு மூடுங்கள். தாளில் நீங்கள் காணும் திட்டு, ஊறாமல் தடுப்பதற்காகத் தாளுக்கு இட்ட பசை ஈரத்தில் கெட்டுப்போனதன் அடையாளம். அந்த இடத்தில் நிறம் ஒற்றுத்தாளில் போல உள்ளிழுக்கப்படுகிறது. கெட்ட தாளைத் திருத்த முடியாது, பென்சிலுக்கும் பரிசோதனைத் துண்டுகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய தாளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத உறையில் இட்டு, சுவரோடு ஒட்டாத அலுமாரித் தட்டில், வாங்கிய திகதியை எழுதி வையுங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.